மூன்று யூனிட் குடும்பம்

அந்தக் குடியிருப்பில் கட்டிங் மாஸ்டரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. மிச்சம் என்றுதான் பெயர். நேரில் பார்த்தால் மட்டும் ஒரு மரியாதைக்கு 'மிச்சம் சார்'. தையல் கடையில் சட்டைத் துணியைக் கொடுத்தால், இப்படி அப்படிக் கோடு போட்டு, சட்டையையும் வெட்டி, கையகலத் துண்டு ஒன்றையும் மடித்து வாடிக்கையாளரிடம் திருப்பித் தருவார். துணியில் அது கெட்டிக்காரத்தனம். அந்தக் கத்திரிக்கோலை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

சும்மா சொல்லக்கூடாது, கரண்ட் கட்டணமும் மனிதனைப் படாத பாடு படுத்தியது. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் மாஸ்டர் ஒன்றைப் பிடுங்குவார். முதலில் ஹாலில் இருந்த பல்பு போனது. அடுத்து ஃபேனின் இறக்கைகளைக் கழற்றிப் பரணில் போட்டார். இறக்கை இருந்தால்தானே சுவிட்சைப் போடத் தோன்றும்? பிறகு ஃப்ரிட்ஜின் வயரை உருவிவிட்டு, அதற்குள் துணிமணியை அடுக்கச் சொன்னார். மேல்தட்டில் மகளுடைய பள்ளிச் சீருடை. முட்டை வைக்கிற குழிகளில் ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை.

மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. போனை அங்கேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். மகள் பத்தாவது படிக்கிறாள். மாடிப்படித் திருப்பத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விளக்கு எரியுமே, அவள் படிப்பெல்லாம் அதற்கடியில்தான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் "கொஞ்சம் காலை மடக்கும்மா" என்று தாண்டிப் போவார்கள். வீட்டுக்குள் தப்பிப் பிழைத்தது சமையலறைச் சின்ன பல்பு ஒன்று. அதுவும் அடுப்பை அணைக்கும் வரைதான்.

"சாப்பிடும்போதாவது போடக்கூடாதா?" என்பாள் மனைவி.

"வாய் எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதா?" என்பார் மாஸ்டர்.

இப்படியே குறைத்துக் குறைத்து, இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பில்லைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பட்டன் தைக்கிற ஆள் வரை எல்லாரிடமும் காட்டினார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாததுதான் குறை. மாட்டினாலும் இருட்டில் யார் பார்ப்பது?

அடுத்த வாரம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வீட்டில் ஆறு மாதமாக ஆள் இல்லை என்று மின்சாரக் கணக்கிலிருந்து தெரிகிறதாம். பதினைந்து நாளில் நேரில் வந்து சரிபார்ப்பார்களாம். ஆள் இல்லாதது உறுதியானால் வீட்டை எடுத்து, வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். மாஸ்டர் வாடகை ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தார். பதினோரு வருடமாக அதே பழைய வாடகை. வெளியே போனால் அந்த வாடகைக்குக் குளியலறைகூடக் கிடைக்காது.

மறுநாள் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"ஆள் இருக்கேன் சார். இதோ முன்னாடி நிக்கிறேனே!"

"இங்க நிக்கிறீங்க. அங்க இருக்கீங்களான்னுதான் கேள்வி" என்றார் குமாஸ்தா.

"பொண்டாட்டி, பொண்ணு, நான், மூணு பேரும் அங்கதான் இருக்கோம். கொஞ்சம் சிக்கனமா இருக்கோம், அவ்வளவுதான்."

குமாஸ்தா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "உங்க கட்டடத்துல துடைப்பம் வைக்கிற ரூம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பல்பு. ரெண்டு மாசத்துக்கு ஆறு யூனிட். துடைப்பத்துக்கே ஆறு சார்! உங்க குடும்பத்துக்கு மூணு."

"அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க சார்."

"கேட்டாச்சு. கீழ்வீட்டம்மா, நீங்க எப்பவோ வெளியூர் போயிட்டதா நெனச்சாங்களாம். எழுதியே குடுத்திருக்காங்க." குமாஸ்தாவுக்கே பாவமாகிவிட்டது. "ஒண்ணு செய்யுங்க. ஆள் வந்து பாக்கும்போது நாப்பது யூனிட்டாவது ஓடியிருக்கணும். வீட்டம்மாவையும் கேப்பாங்க. அவங்க சொல்றதுதான் கடைசி."

நாற்பது! வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் கடைச் சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார். சமையலறைப் பல்பை மட்டும் நம்பினால், நாலரை மாதம் அணைக்காமல் எரிய விட வேண்டும். பதினைந்து நாளில் நாலரை மாதத்துக்கு எங்கே போவது? அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

மனைவி கடிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டு தரம் படித்தாள். பிறகு ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தாள்.

ஃபேன் மறுபடி இறக்கை முளைத்துச் சுற்றியது. ஃப்ரிட்ஜிலிருந்து காலுறைகள் இடம்பெயர்ந்தன. அப்படியும் ஐந்தாம் நாள்வரை எட்டு யூனிட்டைத் தாண்டவில்லை. விஷயம் மெல்லக் கசிந்தது. மேல்வீட்டு நர்ஸ் இஸ்திரிப் பெட்டியோடும் ஒரு மூட்டைத் துணியோடும் வந்து நின்றாள்.

"மிச்சம் சார், உங்களுக்குக் கரண்ட் செலவாகணுமாமே? நான் வேணா ஒத்தாசை பண்றேன்."

அவ்வளவுதான், குடியிருப்பு முழுவதற்கும் உதவி மனப்பான்மை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எதிர்வீட்டு டிரைவர் இரண்டு ஆளைப் பிடித்து வாஷிங் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தார். வெளியூர் போய்விட்டதாக எழுதிக் கொடுத்த கீழ்வீட்டம்மா கூசாமல் மிக்ஸியும் கையுமாக வந்து, "இந்த வீட்டுக் காத்தே தனி" என்று உட்கார்ந்துகொண்டாள். போன்கள் தரையில் வரிசையாகப் படுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டன. மாஸ்டர் வாசலில் மீட்டர் முன்னால் நின்று, உடம்பிலிருந்து ரத்தம் எடுப்பதைப் பார்க்கிறவர் மாதிரி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊராரின் பில்லெல்லாம் தன் தலையில் விழுகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன? வாயைத் திறந்தால் வீடு போய்விடும்.

எட்டாம் நாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. மாஸ்டர் தூங்கிவிட்டார். கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் விழிப்பு வந்தது. புழுக்கமில்லாமல் தூங்கி எத்தனை காலமாயிற்றென்று அவருக்கே நினைவில்லை. வெட்கமாயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் மாலை அதிகாரி கோப்போடு வந்தார். மீட்டரில் இந்தப் பதினைந்து நாளில் தொண்ணூற்று மூன்று யூனிட் ஏறியிருந்தது. உள்ளே நர்ஸ் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், மெஷின் அதிர்ந்துகொண்டிருந்தது, மகள் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைப் பரப்பியிருந்தாள்.

"இது வீடா, ஃபேக்டரியா?" என்றார் அதிகாரி. "இதுல குடியிருக்கிற அம்மா யாரு?"

"நான்தான் சார்."

"எவ்வளவு நாளா குடியிருக்கீங்க?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "பதினஞ்சு நாளா."

மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார். "ஐயையோ, என்ன பேசற நீ! பதினோரு வருஷம் சார்!"

"உங்களைக் கேக்கல." அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "அதுக்கு முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?"

"இருட்டுல சார். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம. அதைக் குடியிருந்ததா நீங்க எழுதிப்பீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இருந்தீங்களா, இல்லையா? இல்லைன்னா வீடு போயிடும்."

"இருந்தோம்னு சொல்றேன். அதுக்கு முந்தி இவரு ஒண்ணு எழுதிக் குடுக்கட்டும். நீங்க தெருமுனை தாண்டுறதுக்குள்ள இவரு ஃபேனைக் கழட்ட ஏணி போடுவாரு சார்."

நர்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கீழ்வீட்டம்மா மிக்ஸியை நிறுத்தினாள். மெஷினை நிறுத்தத்தான் யாருக்கும் தெரியவில்லை.

"அடிப்பாவி, வீட்டையே பணயம் வெக்கிறியே!" என்றார் மாஸ்டர்.

"வேற எதை வெச்சுக் கேட்டாலும் உங்க காதுல ஏறலையே." அவள் விரல்விட்டு எண்ணினாள். "கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன், பேசாம இருந்தும் பாத்தேன்."

மாஸ்டர் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எழுதலைன்னாலும் எரிய விடுவேன். எனக்கும் அந்தக் காத்து வேணும்போல இருக்கு. நம்பு."

"நம்பி நம்பி ஓய்ஞ்சு போச்சுங்க. எழுதுங்க."

மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். மாஸ்டர் மேஜையில் குனிந்து, துணியில் கோடு போடுகிற அதே நிதானத்தோடு எழுதினார்: இருட்டினால் விளக்கு. புழுங்கினால் ஃபேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க சார். பதினோரு வருஷம். ஒரு நாள் விடாம இங்கதான் கெடந்தேன்."