தம்பியின் மேல்வாய்க்கென்றே ஒரு பத்திரிகை!

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒரு காற்புள்ளியைக்கூடக் கூட்ட மாட்டேன். (ஆச்சரியக்குறிகள் இதில் சேராது!!)

இன்று காலை, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை.

என் ஒரு வயதுத் தம்பிக்கு மேல்வாயில் பிறவிப் பிளவு. குடித்த பால் மூக்கு வழியே வந்துவிடும். அதற்குத்தான் ஆபரேஷன்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அப்பா பேனாவைத் திறந்தார்.

உடனே அவருடைய அக்கா, என் அத்தை, தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை நீட்டினார்.

"இதுலயே 'அன்னப் பிளவு'ன்னு போட்டிருக்கு. அன்னம்னா சோறு. வயித்துப் புள்ளையோட செல்வி கதிர் அறுத்தா, அதான் புள்ள வாயி அறுந்துபோச்சு. மொதல்ல பரிகாரம், அப்புறம் ஆபரேஷன்!"

செல்வி என் அம்மா.

"நம்ம நெலத்துலதானே அண்ணி அறுத்தேன்" என்றார், தலை நிமிராமல். (தாத்தா காலத்தில் போராடிக் கிடைத்த மூன்று மா நிலம்.) ஒரு வருடமாக இதே பேச்சு.

அப்பா பேனாவை மூடிவிட்டார்!

"இன்னிக்கு விட்டா அடுத்த தேதி எப்பன்னு சொல்ல முடியாதுங்க" என்றார் நர்ஸ்.

என் மடியில் ஒரு மருத்துவப் பத்திரிகை. நேற்று டாக்டரம்மா மேசையில் பார்த்துக் கேட்டு வாங்கியது. முழுக்க முழுக்க வாய்ப் பிளவும் முக, மண்டை எலும்புகளும் மட்டும்! தம்பியின் வாய்க்காக உலகத்தில் இத்தனை பேர் யோசிக்கிறார்கள்!!

ஆங்கிலம் கடினம். முதல் பக்கத்திலிருந்த 'பேலட்' என்ற சொல்லுக்கே அகராதி பார்த்திருந்தேன்.

அதனால் கத்தியே விட்டேன்.

"அத்தை, அது சோறு இல்ல! சீட்டு எழுதுனவங்க தப்பா எழுதிட்டாங்க. மூணு சுழி போட்டா அண்ணம், மேல்வாய்!"

"போடி, பெரிய தமிழம்மா!"

"இந்தப் படத்தப் பாருங்க. கருவுல அண்ணத்தோட ரெண்டு பக்கமும் வந்து ஒட்டுறது மூணாம் மாசத்துக்குள்ள. நம்ம அறுப்பு எப்ப?"

"தையில."

"அப்ப அம்மாவுக்கு எத்தன மாசம்?"

அத்தை விரல்விட்டு எண்ணினார். இரண்டு முறை.

"ஏழு..."

கையிலிருந்த சீட்டை மறுபடி பார்த்தார்.

"அடக் கடவுளே! ஒரு சுழி கொறஞ்சதுக்கா ஒரு வருசமா இவளத் திட்டுனேன்?"

நர்ஸ் சிரித்துவிட்டார். அப்பா கையெழுத்துப் போட்டார்!!

இரண்டு மணி நேரமாக, சிவப்பு விளக்கு எரியும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து இதைச் செல்போனில் தட்டுகிறேன்.

"செல்வி, ஒரு வாய் காப்பி குடி."

"வேணாம் அண்ணி."

"குடிடி. புள்ள வெளிய வந்தா தூக்கத் தெம்பு வேணாமா?"

அம்மா குடிக்கிறார்.

இதோ, உள்ளே அழுகைச் சத்தம்! எங்கள் தம்பிதான்!!

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வருகிறார்.

கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கை அணைத்துவிட்டார்கள்!!!