சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

வாசல் கதவின் உள்பக்கம் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பச்சைப் பெயிண்ட் உரிந்து கிடந்தது. நகக் கீறல்கள். ஒன்றிரண்டில் ரத்தம் காய்ந்திருந்தது. ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் வேலை முடித்து, பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து மாடி வீட்டுக்கு நான் வந்து கதவைத் திறந்தால், வெள்ளையன் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

வெள்ளையன் ராஜபாளையம் ஜாதி நாய். அந்த ஜாதி ஓர் ஆளிடம் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். ராணுவத்தில் இருந்த என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது குட்டியாக வாங்கி, இரண்டு மாதம் மடியிலேயே போட்டு வளர்த்துவிட்டு எல்லைக்குப் போய்விட்டார். மிச்சம் நான் ஒருத்தி. நானும் காலையில் கிளம்பினால் சாயந்தரம்தான் வருவேன். பகலெல்லாம் அவன் ஊளையிட்டான். கீழே குடியிருந்த, வீட்டுக்குச் சொந்தக்கார மதினி, "ஏட்டி, புருசன பார்டருக்கு அனுப்பிட்டு வீட்டுல நாய ஊளையிட விடலாமா? இந்த மாசத்துக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லன்னா வேற வீடு பாத்துக்கோ" என்றார். எல்லையில் இருந்த அவியகிட்ட போனில் சொன்னால், "நம்ம புதுப்பட்டித் தோட்டத்துல கட்டிப் போட்ரு" என்று பதில் வந்தது. கட்டிப் போட்டால் அவன் சோற்றைத் தொடமாட்டான். அங்கே கொண்டுபோய் விடமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர். காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "காலைல கெளம்பும்போது என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். கட்டிப்பிடித்து நெற்றியில் திருநீறு பூசி, "அம்மா போயிட்டு வாரேன்டா, அழாம இருக்கணும்" என்று மூன்று தடவை சொல்லி, படியில் நின்றும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போவேன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதான் தப்பு. தெனம் ஒரு துக்க வீடு நடத்திட்டுப் போறீங்க. இனிமே சொல்லாமப் போங்க" என்றார்.

சொல்லாமல் எப்படிப் போவது? பட்டாளத்து ஆள் இருக்கிற வீட்டில் 'வாரேன்' என்று சொல்லாமல் யாரும் வாசப்படி தாண்டமாட்டோம். அந்த ஒரு சொல்தான் போனவரைத் திரும்பக் கூட்டிவரும் என்று நம்புகிற குடும்பம். ஆனாலும் வைராக்கியமாக மில்லில் இரண்டு வாரம் லீவு போட்டேன். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, விடிந்ததும் அவனைக் கண்மாய்க் கரையில் நாக்கு தொங்க ஓடவிடுவேன். என் பழைய சேலையைப் படுக்கையாக விரித்து, கேப்பை உருண்டைகளைத் துணியில் சுருட்டி மூலைக்கு ஒன்றாக ஒளித்துவைப்பேன். பையைத் தூக்குவேன், போகமாட்டேன். சாவியை எடுப்பேன், உட்கார்ந்துகொள்வேன். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டு படி இறங்கி, அவன் குரல் கொடுப்பதற்குள் திரும்பிவிடுவேன். அடுத்த நாள் தெருமுனை வரை. அங்கே சும்மா நிற்கிற என்னைப் பார்த்துப் பால்காரர், "பஸ்ஸுக்கா? பஸ் இங்க நிக்காதே" என்று வழி சொல்லிவிட்டுப் போனார். நான்காம் நாள் மறுபடி ஊளையிட்டான், ஆத்திரத்தில் அழுதேன். மறுநாள் முதல் படியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன்.

லீவு முடிந்து வேலைக்குப் போய்வந்த முதல் நாள் சாயந்தரம், வீட்டுக்கார மதினி என்னை வாசலிலேயே மறித்தார். "நாயையும் மில்லுக்குக் கூட்டிட்டாட்டி போன? சத்தத்தையே காணோம்."

டாக்டரம்மா மாற்றலாகிப் போய் வருடங்கள் ஆகின்றன. அவிய இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். வெள்ளையன் கிழடாகி அவர் காலடியிலேயே தூங்குகிறான். ஆனால் எனக்கு மறக்காதது வெள்ளையனைப் பழக்கிய அந்த வருடம் அவர் லீவு முடிந்து கிளம்பிய காலைதான். வெள்ளையனிடம் சொல்லக்கூடாது, அவன் காதில் விழும்படி என்னிடமும் சொல்லக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். "சொல்லாம எப்படிட்டி போக?" என்று முந்தின நாள் முழுக்க மல்லுக்கட்டினார். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, இறங்கிவிட்டார். வெள்ளையன் கதவு வரை போய் மோந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து அவருடைய பனியன் மேல் சுருண்டு படுத்துக்கொண்டான். ஊளையிடாமல் இருக்க அன்றைக்குப் பாடுபட்டது நான்தான்.