ஆறு பேர் உட்கார்ந்த சஹன்

பக்கீர் முகைதீன் மின்கம்பத்துக்கு ஸலாம் சொன்ன கதை மருதமுனை முழுவதும் தெரியும். சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊர் அண்ணன் ஒருவர் நிற்கிறார் என்று நினைத்து, பதில் வரவில்லை என்று முகம் சுளித்து, "என்ன காக்கா, கண்டும் காணாத மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டும் விட்டார். அடுத்த வாரம் அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லு மீன்காரரின் பெட்டிக்குள் ஏறி நின்றது. அன்றைக்கே அவருடைய மனைவி ஸுஹைறா சாவியைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

முப்பத்தைந்து வருடமாக அந்த மோட்டார் சைக்கிளில் சாரன் கட்டும் சேலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு நற்பிட்டிமுனை தொடக்கம் வயல் ஊர்கள் எல்லாம் போய் விற்று வந்த மனிதர் அவர். இப்போது அறுபத்திரண்டு வயதில், மடியில் துணிக்கட்டோடு, ஸுஹைறாவின் ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போனார். பெண்சாதிக்குப் பின்னால் உட்கார்ந்து போவதில் குற்றம் ஒன்றும் கிடையாது. அவள் ஓட்டுகிற வேகம்தான் குற்றம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்து அவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. வெட்டி எடுத்தால் பார்வை வந்துவிடும், சாவியும் வந்துவிடும். ஆனால் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருக்குப் பத்து வருடமாக இருந்தது. சீனி இந்த அளவில் நின்றால் புண் ஆறாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை நாளைத் தள்ளிவிட்டார்கள்.

"மூணு மாசம் தாறன்," என்றார் டொக்டர். "விரல்ல குத்திப் பாக்கிறது நேத்தையக் கதையத்தான் சொல்லும். நான் எடுக்கிற இரத்தம் மூணு மாசக் கதையையும் சொல்லும். ரெண்டு நாள் பசி கிடந்து அத ஏமாத்த ஏலாது."

ஸுஹைறா அன்றைக்கே வீட்டுச் சமையலை இரண்டாகப் பிரித்தாள். மகள் பஸ்மிலாவும் அவளுடைய மாப்பிள்ளையும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். மருமகனுக்குக் கீரிச்சம்பா அரிசிச் சோறு ஒரு பானை. மருமகன் சாப்பிட்டு எழும்பும்போது பானையின் அடி தெரிந்தால் அது மாமியாருக்கு மானக்கேடு என்பதால், எப்போதும் இரண்டு பேருக்கு மேல் போதும் அளவு அதில் வெந்தது. பக்கீர் முகைதீனுக்குச் சிவப்பரிசியில் இன்னொரு பானை. அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்கு மேல் வல்லாரைச் சுண்டலும் பயற்றங்காயும், ஓரத்தில் ஒரு மீன் துண்டு, சோறு என்று சொல்ல ஒரு கைப்பிடி. அவரும் ஒரு முனகலும் இல்லாமல் சாப்பிட்டார். இவ்வளவு நல்ல பிள்ளையாக இந்த மனிதர் மாறியதில் ஸுஹைறாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவம்.

அந்த மூன்று மாதமும் கலியாணக் காலம். கலியாணம் என்றால் சஹன். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோற்றை மலையாகக் குவித்து, மேலே இறைச்சியை வைத்து, சுற்றி ஆறு பேரை உட்கார்த்தி விடுவார்கள். அவரவர் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அது மரியாதை. ஆனால் முன்னால் வேகமாகத் தோண்டினால் நடுவில் நிற்கும் மலை தோண்டியவர் பக்கமாகத் தானே சரியும். இந்த வித்தையில் பக்கீர் முகைதீனை வெல்ல அந்தக் கரையில் ஆள் இல்லை. அதைவிட வசதி, ஆறு கை விழுந்த தட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஸுஹைறாவுக்கு யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

சாய்ந்தமருதுக் கலியாணத்தில் அவருக்கு இன்னும் ஒரு யோசனை உதித்தது. சீனி வருத்தக்காரராகப் பார்த்து ஒரு சஹனில் சேர்ந்தால் என்ன? மற்ற ஐந்து பேரும் பயந்து பயந்து கொறிப்பார்கள். மிச்சத்தை வீணாக்குவது பாவம். யாராவது ஒருவர் முடித்து வைக்கத்தான் வேண்டும். அது சாப்பாடு ஆகாது, கடமை. இப்படி முடிவு கட்டிக்கொண்டு, தையற்கடை மர்சூக்கையும் கிளினிக் வரிசையில் பழகிய இன்னும் நான்கு பேரையும் தேடிப் பிடித்து வட்டமாக உட்கார்ந்தார். அவர்களும் மறுக்காமல் வந்தார்கள். அப்போதாவது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிஸ்மி சொன்ன கையோடு ஆறு பேரும் தோண்டினார்கள். மலை எந்தப் பக்கம் சரிவது என்று தெரியாமல் அந்த இடத்திலேயே கரைந்து போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இறைச்சி போன இடம் தெரியவில்லை. பரிமாறுகிற பொடியன்மார் ஓடி வந்து, "இன்னும் சோறு போடவா?" என்று கேட்டபோது, ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவரைக் கை காட்டி, "இவருக்குப் போடுங்க" என்றார்கள். அந்தச் சஹனுக்கு இரண்டு தரம் சோறு வந்தது. வட்டிலப்பம் என்ற இனிப்பும் இரண்டு தரம்.

இரத்தம் கொடுத்து முடிவு கேட்கும் நாளில் ஸுஹைறா பரீட்சை எழுதிய பிள்ளையின் தாயைப் போல நிமிர்ந்து போனாள். டொக்டர் தாளைப் பார்த்தார், பக்கீர் முகைதீனைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"கூடித்தான் கிடக்கு. என்ன சாப்பிடுறீங்க?"

"அரைச் சுண்டு அரிசிகூட இல்ல டொக்டர்," என்றாள் ஸுஹைறா. "நான்தானே அளந்து போடுறன்."

வெளியே வந்ததும் வாங்கில் உட்கார்ந்திருந்த மர்சூக் சத்தமாகக் கூப்பிட்டார். "மச்சான், உனக்கும் கூடிட்டா? எனக்கும்தான். அண்டைக்குச் சாய்ந்தமருதில திண்டது சும்மா போகுமா? மத்த நாலு பேரும் உள்ளுக்கு நிக்கிறானுவள்."

ஸுஹைறா அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். கல்முனைச் சந்தியைத் தாண்டியதும் ஸ்கூட்டியை ஓரத்தில் நிறுத்தினாள்.

"பஸ்மிலாட வாப்பா, சுபஹுக்கு எழும்பி ரெண்டு பானை வெக்கிறன். எனக்கு விசரா?" என்றாள். ஏச்சு அவ்வளவுதான். மின்கம்பத்தையும் ஆளையும் பிரித்தறியாத அந்தக் கண்ணுக்கு, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பக்கீர் முகைதீனுக்கு வெட்கமாகிப் போயிற்று. டொக்டரிடம் கெஞ்சி இன்னும் மூன்று மாதம் வாங்கியிருந்தார். அதையாவது ஒழுங்காகக் கழிப்பது என்று அங்கேயே முடிவெடுத்தார்.

அடுத்த கலியாணத்தில் அதே ஆறு பேர். பத்துப் பிடி சோறு உள்ளே போயிருக்கும். பக்கீர் முகைதீன் கையை எடுத்து, கை கழுவும் படிக்கத்தைக் கொண்டு வரச் சொன்னார். சஹனில் வயதில் மூத்தவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அதற்கு மேல் சாப்பிடக் கூச்சம் வந்துவிடும். ஐந்து கைகள் அப்படியே நின்றன.

"என்ன மச்சான் இது, மல அப்பிடியே கிடக்கு!" என்று மர்சூக் அழாத குறையாகச் சொன்னார்.

"ஓம், கிடக்கட்டும். கழுவு."

அன்று அவரைத் திட்டாதவர் இல்லை. அதன் பிறகு நல்ல பசிக்காரர் யாரும் அவருடைய சஹன் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. அவர் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து எண் இறங்கியது. டொக்டர் சிரித்துக்கொண்டே கண்ணுக்கு நாள் குறித்தார். பக்கீர் முகைதீன் திரும்பி ஸுஹைறாவிடம், "சாவி எங்க புள்ள?" என்று கேட்டார். அங்கே நின்ற தாதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களும் விடிய ஒண்டும் சாப்பிடல்லயா?" என்று தாதி ஸுஹைறாவின் வாடிய முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர் பசியோட வாறார். நான் எப்பிடித் திங்கிற?"

"அப்ப விரலக் குடுங்க. ஒரு குத்துத்தானே."

மெசினில் இருநூற்று எண்பது காட்டியது. அது பழுது என்றாள் ஸுஹைறா. வேறொரு மெசினில் மற்ற விரலைக் குத்தினார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. டொக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

ஸுஹைறா யோசித்தாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"மிச்சம்," என்றாள். "மருமகன்ட பானையில நெடுகவும் மிஞ்சும். இவர்ட பானையிலயும் அடியில கிடக்கும். கொட்டினாப் பாவம்தானே டொக்டர்."

பக்கீர் முகைதீன் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கென்று ஒரு கோப்பை இருந்ததாக அவருக்கு ஞாபகம் வரவில்லை. கண் நன்றாக இருந்த காலத்திலும் அவர் அதைப் பார்த்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படித் தட்டின் மேலிருந்த பழைய சஹனைத் தடவி எடுத்தார். தூசியைக் கழுவினார். சிவப்பரிசிச் சோற்றை நடுவில் கொட்டி, சுற்றிச் சுண்டலை வைத்து, மீனை வைத்து, நிலத்தில் பாயை விரித்தார்.

"வா, இரி."

"மருமகன் இன்னும் வரல்ல."

"அவருக்குப் பஸ்மிலா இருக்கா. இரி புள்ள."

அவள் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். அவர் மீன் துண்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். அது இரண்டு மூன்று தரம் போய் வந்து, கடைசியில் அவளிடமே நின்றது. பாதியில் பக்கீர் முகைதீன் கையை எடுத்தார்.

"கொஞ்சம்தானே கிடக்கு, நான் முடிக்கிறன்," என்று ஸுஹைறா பழக்கத்தில் மிச்சத்தை வழித்துக் கூட்டினாள்.

"சஹன்ல மூத்தவர் கைய எடுத்திட்டார்," என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள். மிச்சச் சோற்றை அவரே எழும்பிக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டார்.