கழுவி வைத்த நத்தைக் கூடுகள்

பிள்ளைகளே, தொல்பொருள் வேலைக்குப் போன முதல் நாளே நான் ஒரு தப்பு செய்தேன். அதை மறைக்கவும் பார்த்தேன்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் மலை. ஒரு பக்கத்தைக் குவாரி பாதி தின்றுவிட்டது. மறுபக்கக் குகையில் ஆதிகால மனிதர் வாழ்ந்த தடயம் உண்டா என்று பார்க்க டாக்டர் நளினி வந்திருந்தார். இரண்டே நாள் அனுமதி. ஒன்றும் இல்லை என்று அவர் எழுதினால் வெள்ளிக்கிழமை அங்கேயும் வெடி வைப்பார்கள். நான் ஏணி தூக்கும் ஆள்.

குவாரி சூப்பர்வைசர் மணியம் வாசலிலேயே ஆரம்பித்தார். "தரைய எருவுக்கு அப்பவே தோண்டி அள்ளிட்டானுங்க டாக்டர். வௌவாலு பீய தவிர இங்க என்னா இருக்கு? எழுதிட்டு போலாம்லா."

டாக்டர் வெளியே அளந்துகொண்டிருந்தார். உள்ளே சுவரில், தோள் உயரத்தில், தோண்டாமல் விட்ட பழைய தரையின் மிச்சம்போல இறுகிய மண்ணோடு நத்தைக் கூடுகள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் வால் நுனி உடைந்திருந்தது. எஸ்டேட் ஆற்று நத்தையை நாங்களும் அப்படித்தான் நுனி தட்டிக் குழம்பு வைத்து உறிஞ்சுவோம். அப்படியென்றால் இது யாரோ தின்று போட்டது! சந்தோஷத்தில் உளியால் பன்னிரண்டைத் தட்டி எடுத்து, ஓடையில் பளிச்சென்று கழுவினேன். எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைக்காமல் விட்டால் கணக்கெழுதும் கிராணி கத்துவார். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

காட்டலாம் என்று போனபோது டாக்டரே முந்திக்கொண்டார். "அண்ணே, எதையும் எடுக்காதீங்க, கழுவாதீங்க. எந்த எடம், எந்த மண்ணுன்னு தெரியலன்னா அது வெறும் குப்பை."

பன்னிரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. சொன்னால் வேலை போய்விடும். உளி பட்ட இடமும் அதையொட்டிய கூடுகளும் தெரியாதபடி ஏணியைச் சாய்த்துவிட்டு, அதைப் பிடித்தபடியே மறைத்து நின்றேன். மறுநாளும் அங்கேயே நின்றேன்.

மாலையில் டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஒண்ணும் கிடைக்கல."

"நான்தான் சொன்னேன்ல" என்று மணியம் சிரித்தார்.

"மேடம்..." என்றேன். பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன்.

அவர் ஒன்றைத் திருப்பி உடைந்த நுனியைப் பார்த்தார். "எங்க எடுத்தீங்க?"

ஏணியை நகர்த்தினேன். வெள்ளையாக உளித் தழும்பு. அதையொட்டி ஒரு முழ நீளத்துக்கு மண்ணும் கூடும் கரித்துண்டும் அப்படியே இருந்தன.

"ஏண்ணே, ரெண்டு நாளா ஏணிய கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னது இதுக்குத்தானா?" என்றார் மணியம். யாரும் சிரிக்கவில்லை.

"இந்தப் பன்னெண்டும் போச்சுண்ணே" என்றார் டாக்டர். பிறகு அந்த ஒரு முழத்தைப் பார்த்தார். "இது போதும். வெடிய நிறுத்தச் சொல்றேன்." நான் செய்த சேதத்தையும் அறிக்கையில் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டினார். வேலையை விட்டு மட்டும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை சைரன் ஊதியது. ஏணியைப் பிடித்தபடி நின்றேன். வெடித்தது குவாரிப் பக்கம்தான். குகை இன்னும் நிற்கிறது, அடுத்த உத்தரவு வரும்வரை.

தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள் பிள்ளைகளே. டாக்டர் பேனாவைத் திறந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அவர் எழுதி முடித்திருந்தால் அந்த ஒரு முழமும் இப்போது ரோட்டில் ஜல்லியாகக் கிடக்கும்.