என் கன்டெய்னரை நம்பாத தாமோதரன்

தாமோதரன் இறந்துவிட்டார். இன்று காலை, கவரைப்பேட்டை வீட்டில். நெஞ்சுவலியாம்...

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் எடைமேடை அவர் பொறுப்பு. லாரிகளை எடை போடும் புரோகிராம் என் பொறுப்பு.

அந்தப் புரோகிராம் விண்டோஸில் ஓடும். கம்பெனி எனக்குக் கொடுத்தது ஒரு லினக்ஸ் சர்வர். அதில் கன்டெய்னர் என்னும் தனி டப்பா ஒன்றைக் கட்டி, உள்ளே விண்டோஸ் மாதிரி நடிக்கும் வைன் என்ற மென்பொருளைப் போட்டு, புரோகிராமை உருவாக்கித் தரும் கம்பைலரை, தான் விண்டோஸில்தான் இருப்பதாக நம்பவைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. பாராட்டவும் இல்லை.

தாமோதரன் மட்டும் நம்பவே மாட்டார். புரோகிராமைத் திருத்தி நான் அனுப்பும் ஒவ்வொரு பில்டையும் ஸ்டோர் ரூமில் இருந்த பழைய விண்டோஸ் மிஷினில் ஓட்டிப் பார்ப்பார்.

"பொய் விண்டோஸ்ல பொறந்த புள்ள வாத்தியாரே... நெஜ விண்டோஸ்ல நடக்குதான்னு பாக்க வாணாவா?"

எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருமுறை அந்த மிஷின் கெட்டுக் கிடந்ததால் பில்ட் நேராக எடைமேடைக்குப் போனது. கன்டெய்னருக்குள் பிரிண்டர் கிடையாது. எடைச் சீட்டைத் திரையில்தான் பார்ப்பேன், சரியாக இருந்தது. அங்கே பேப்பர் ஓரத்தில் எடையின் கடைசி எண் விழவில்லை.

போன் வந்தது. "இருவது டன் லாரி ரெண்டு டன்னா பூட்ச்சு வாத்தியாரே. மீதி இரும்ப நீ துன்னுட்டியா?"

பேப்பர் அகலம் குறைவு. அது பேப்பரின் குற்றம். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

மேனேஜர் கூட்டம் போட்டார். சென்னையிலிருந்து பட்டம் படித்த ஒருவர் வந்திருந்தார். கன்டெய்னரைத் தூக்கிவிடலாம், வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்று பேச்சு. என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. தாமோதரனைக் கேட்டார்கள்.

"எண்ணுல தப்பு இல்ல சார். பேப்பர்ல எடம் பத்தல. தெனம் நான்தான பாத்துக்கினு இருக்கேன்... அவரு டப்பா ஓடட்டும்."

அதோடு கூட்டம் முடிந்தது.

வெளியே வந்ததும் சொன்னார். "உனுக்காகச் சொல்லல. புதுசா ஒருத்தன் வந்து பண்ற பேஜாருக்கு எவன் அலையறது?"

நான் நன்றி சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனோம்.

நாளை காலை எடுக்கிறார்கள். வருகிறேன்.

கன்டெய்னர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தாமோதரன். நிம்மதியாகக் கிளம்புங்கள்.