பருப்பு வேகாத ஊர்

எங்கள் ஊரைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா மகன், சென்னையில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறவன், "அந்த ஊரு தண்ணியக் குடிச்சி வளந்த ஒடம்பு இது" என்று மார்பைத் தட்டினான். பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். எந்தத் தண்ணீரைக் குடித்தாய், யார் தூக்கி வந்த தண்ணீரைக் குடித்தாய் என்று கேட்டேன். "அக்காவுக்கு எப்பவும் கோவந்தான்" என்று சிரித்தான். ஆமாம், எப்பவும் கோபம்தான். அதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் பக்கத்தில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர் அது. ஒரு பக்கம் கரிசல் காடு, கிழக்கே போகப் போகச் செம்மண்ணும் முந்திரியும். கடலை, கம்பு, வரகு போடுவோம். மழை ஒழுங்காகப் பெய்த வருஷம் கொத்தமல்லி போடுவோம். காலையில் ஒரு பஸ், பொழுது சாய ஒரு பஸ். இடையில் வருவதெல்லாம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள்தான். எழுபதுகளில் எப்போதாவது ஒன்று வந்தது. நான் பெரிய பள்ளிக்கூடம் போன காலத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், வரிசையாக வந்தன. வேலியில் இருக்கும் ஆவாரஞ்செடி கூட வெள்ளையாக நின்றது. எங்கள் கல்லை எடுத்து யார் யாரோ ஊரெல்லாம் வீடு கட்டினார்கள். நாங்கள் மண் சுவருக்குச் சாணி பூசிக்கொண்டிருந்தோம்.

தோண்டின இடமெல்லாம் சுண்ணாம்புக்கல். சங்கு மாதிரியும் சிப்பி மாதிரியும் கற்கள் கிடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை காலேஜ் பிள்ளைகள் சுத்தியலோடு வந்து, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, கற்களைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். போகும்போது குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். கொடுப்போம். ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்து மீதியைக் கீழே ஊற்றுவார்கள்.

கிணற்றுத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அதில் சோப்பு நுரைக்காது. குளித்தால் தலைமுடி கயிறாகத் திரிந்துகொள்ளும். பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை படியும். எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கடம், அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. காலையில் அடுப்பில் வைத்தால் மத்தியானம் வரை கொதிக்கும். இறக்கிப் பார்த்தால் போட்ட பருப்பு போட்டபடி முழித்துக்கொண்டு கிடக்கும். சுற்றுப்பட்டில் எங்கள் ஊருக்குப் பேரே அதுதான். செட்டிகுளம் பக்கத்தில் வெங்காயம் அறுக்கப் போனால், "பருப்பு வேகாத ஊரா நீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

இதை வைத்து எங்கள் ஊரில் ஒரு விளையாட்டு இருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணை முதல் நாள் பருப்பு வேக வைக்கச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். அவள் விறகைத் தள்ளித் தள்ளி, கண் சிவந்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் திண்டாடுவாள். வாசலில் நாத்தனார், கொழுந்தன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடி நின்று, "ஒங்க அம்மா வூட்டுல பருப்பு ஆக்கக் கத்துக்குடுக்கலியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்கள். என் அம்மா பூலாம்பாடிக்காரி. அவளும் அழுதிருக்கிறாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அதை அவர் பெருமையாகவே எங்களிடம் சொல்வார். அம்மா ஒரு நாளும் அந்தக் கதைக்குச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சமையலுக்குத் தண்ணீர் ஓடையில்தான். ஊருக்கு வெளியே, சரிவில் இறங்கி நடந்தால் மணல் ஓடை. மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். அதுதான் நல்ல தண்ணீர். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். பங்குனி வந்துவிட்டால் ஊற்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சுரக்கும். ஒரு குடம் நிறையக் காத்துக் கிடக்க வேண்டும். பிறகு தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பொம்பளைகள்தான் போவோம். ஒரு ஆம்பளை இடுப்பில் குடம் ஏறி நான் பார்த்ததில்லை. நாங்கள் தண்ணீரோடு மேடேறி வரும்போது, புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் காலை மடக்கி வழி விடுவார்கள். அதுதான் அவர்கள் செய்த உதவி.

நான் பத்தாவது படிக்கும்போது ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. போர் போட்டு, மோட்டார் வைத்து, மேல்நிலைத் தொட்டி கட்டிக் குழாயில் விடுவார்கள் என்றார்கள். எங்கே போர் போடுவது என்று பேசக் கோயில் வாசலில் ஆம்பளைகள் கூடினார்கள். அம்மாவும் இன்னும் சில பெண்களும் தூர நின்று, "ஓடக்கரையில போடுங்க. அங்கதான் நல்ல தண்ணி" என்று சொன்னார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடைக்கு அக்கரையில் காலனி. அங்கே போட்டால் முதல் குடம் காலனிக்காரர்கள் பிடிப்பார்கள். அதை வாய்விட்டுச் சொல்லாமல், "அங்க மோட்டாருக்கு யாரு காவலு?" என்று கேட்டார்கள். கடைசியில் கோயிலுக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். சுண்ணாம்புக்கல்லைத் துளைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் வந்தது. அம்மா ஒரு சொம்பு பிடித்து வந்து பருப்பு போட்டாள். வேகவில்லை.

"தண்ணி வருதுல்ல, அது போதாதா?" என்றார் அப்பா.

திறந்து வைக்கத் திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று ஊரே அமளிப்பட்டது. பந்தல், மைக் செட், வாழைமரம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. சாப்பாடு என்று வந்ததும்தான் ஆம்பளைகளுக்குப் பொறி தட்டியது. குழாய்த் தண்ணீரில் சாம்பார் வைத்தால் அதிகாரி இலையில் பருப்பு உருளும். உடனே முடிவு செய்தார்கள்: வீட்டுக்கு ஆறு குடம் ஓடைத் தண்ணீர். புதுத் தொட்டியைத் திறக்க வருகிறவருக்கு, அந்தத் தொட்டித் தண்ணீர் உதவாது என்பதை மறைக்க, நாங்கள் ஓடைக்குப் போக வேண்டும். இதைச் சொன்னவர்களில் ஒருவருக்காவது சிரிப்பு வந்ததா என்றால், இல்லை. ரொம்ப முக்கியமான காரியம் போல வீடு வீடாக வந்து சொன்னார்கள்.

விழா நடந்த அன்றைக்குத்தான் எனக்குக் கணக்குப் பரீட்சை.

எங்கள் தெருவில் பத்தாவது வரை போன பெண் நான் ஒருத்திதான். போவதற்கே அம்மா அப்பாவிடம் மல்லுக்கட்டினாள். அப்பா ஒரு நிபந்தனையோடு விட்டார். பாஸ் பண்ணினால் அரியலூரில் பதினொன்றாவது. ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு அதோடு சரி, பூலாம்பாடியில் மாமன் மகனுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிடுவார். திரும்ப எழுதுகிற பேச்சே கிடையாது. பரீட்சை அரியலூரில். காலை பஸ்ஸை விட்டால் போக வழியில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு பஸ்தான்.

முந்தின நாள் ஓடைச் சரிவில் அம்மா சறுக்கி விழுந்தாள். கால் வீங்கி, கீழே ஊன்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அவரவர் பங்கே பெரும்பாடு. ஆறு குடமும் என் தலையில் விழுந்தது.

"நீங்க போயி எடுத்தாங்களேன். எம்புள்ள பரீட்சைக்குப் போவட்டும்" என்றாள் அம்மா.

அப்பா அவளை, பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கொடம் தூக்கச் சொல்றியா என்னைய?"

"அப்ப மாட்டு வண்டியில பீப்பாயக் கட்டி அனுப்புங்க."

"வண்டியெல்லாம் பந்தல் சாமான் ஏத்தப் போயிருக்கு."

"அந்தத் தொட்டித் தண்ணியிலயே ஆக்கிப் போடுங்களேன். வர்றவரு தின்னு பாக்கட்டும்!"

"ஊரு மானம் என்னாவறது?" என்று கத்தினார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "பரீட்ச வருசா வருசம் வரும். பெரிய ஆபீசரு வருசா வருசம் வருவாரா?"

திரும்ப எழுதக் கூடாது என்று சொன்னதும் இதே வாய்தான்.

வெளுக்கும் முன்பே எழுந்து ஓடைக்கு ஓடினேன். பஸ்ஸுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போனால், ஊரிலிருக்கிற அத்தனை பெண்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஆறு குடம். ஊற்றில் தண்ணீர் ஊறுவதற்குள் அடுத்த கொட்டாங்கச்சி விழுந்தது. கலங்கல் தெளியக் காத்திருந்து நாலு குடம் கொண்டு வந்து கொட்டினேன். மிச்சம் இரண்டு குடத்துக்கு மறுபடி இறங்கினேன். பையும் பேனாவும் வீட்டு வாசலில் தயாராக இருந்தன. ஒரு குடம் நிறைந்து, அடுத்தது பாதியில் இருக்கும்போது மேட்டில் ஹாரன் கேட்டது. நான் குடங்களை அப்படியே விட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஏறி ஓடினேன். மேலே வந்தபோது பஸ் லாரிகளுக்கு நடுவில் புழுதிக்குள் போய்க்கொண்டிருந்தது. கத்தினேன். கல் லாரி ஒன்றை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். டிரைவர் வண்டியை ஒடித்து என்னை விலகிப் போனான். ரோட்டில் நின்றேன். பிறகு இறங்கிப் போய் அந்த இரண்டு குடத்தையும் நிரப்பித் தூக்கி வந்தேன். இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதுதான். போட்டு உடைத்திருக்கலாம்.

அதிகாரி வரவே இல்லை. வெயில் ஏறியது, மைக்கில் பாட்டுப் போட்டார்கள், பந்தலில் குழந்தைகள் தூங்கிவிட்டன. உச்சி வெயிலில்தான் ஜீப் வந்தது. மாலை போட்டார்கள், கைகூப்பினார்கள். அவர் மைக்கைப் பிடித்துச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "கொஞ்சம் லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். என் பொண்ணுக்கு இன்னைக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை. நானே கொண்டுபோய் விட்டாத்தான் அவளுக்குத் தைரியம். விட்டுட்டு நேரா வரேன்."

பந்தலே நெகிழ்ந்துபோனது. எவ்வளவு பெரிய மனுஷன், பெண் குழந்தை மேல் எவ்வளவு பாசம் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். கை தட்டினார்கள். என் அப்பாவும் தட்டினார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். ஒரு தடவையாவது என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

அடுத்த தை மாதம் எனக்குப் பூலாம்பாடியில் கல்யாணம் ஆயிற்று. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அழுவது போல இருக்கும். நான் அழவில்லை. தொட்டி நாலைந்து வருஷத்தில் வெள்ளை அடைத்து நின்றுபோயிற்று, ஓடை மணலையும் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கும் ஆம்பளைகள்தான் கூடிப் பேசிச் சம்மதித்தார்கள்.

குழாயைத் திறந்து கை நனைத்ததும் அதிகாரியைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சின்னப் பெண்கள் பரிமாறினால் லட்சணமாக இருக்கும் என்று யாரோ சொல்லி, என் கையில் ரச வாளியைக் கொடுத்தார்கள். அவர் சாம்பார் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "பருப்பு நல்லா வெந்திருக்கே. வேகாத ஊருன்னு சொன்னாங்க. நம்ம தொட்டித் தண்ணியா?" என்றார்.

பக்கத்தில் விசிறிக்கொண்டு நின்ற அப்பா, "ஆமாங்க சார், தொட்டித் தண்ணிதாங்க" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்கிற?" என்று கேட்டார்.

"பத்தாவது சார்."

அவர் கை இலையில் நின்றது. "அப்ப இன்னைக்கு ஒனக்கும்..."

"கணக்குப் பரீட்சை சார். உங்களுக்குச் சோறாக்க ஓடையில தண்ணி எடுத்தேன். பஸ் போயிடிச்சி."

அப்பாவின் விசிறி நின்றது. "அதுக்கு ஒடம்பு முடியலைங்க சார்," என்றார் அவசரமாக, "அடுத்த தடவ எழுதிக்கும்."

அதிகாரி என் பாவாடையில் காய்ந்திருந்த ஓடை மணலைப் பார்த்தார். குடம் அழுத்திக் கலைந்த தலையைப் பார்த்தார். படித்தவர், அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பதை நான் அவர் கண்ணில் பார்த்தேன். ஏதோ சொல்லப் போகிறார் என்று வாளியோடு நின்றேன். அவர் குனிந்து, சோற்றைக் குழித்துக்கொண்டு, "ரசம் ஊத்தும்மா" என்றார்.

ஊற்றினேன்.