இரண்டாவது பூச்சு

சூடு ஆறிய சைடு ஸ்டாண்டைக் கொக்கியிலிருந்து கழற்றியதும் ஆஞ்சப்பன் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை. போல்ட் உட்காரும் ஓட்டையைத்தான் தேடுகிறார். அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் வட்டமான டேப்பை உரித்து, வெறும் இரும்பு தெரிகிறதா என்று கட்டைவிரல் நகத்தால் சுரண்டுகிறார். ஒரு பொட்டுப் பவுடர் தட்டுப்பட்டாலும் அரத்தை எடுத்துவிடுவார். அந்த நகம் பாதி தேய்ந்துபோயிருக்கிறது.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பவுடர் கோட்டிங் பட்டறை அது. வருவதெல்லாம் பைக் பாகங்கள். பழைய பெயிண்டை உரித்து, கழுவி, காயவைத்துத் தொங்கவிட்டால், ஆஞ்சப்பன் துப்பாக்கி போன்ற கருவியால் வண்ணப் பொடியைத் தூவுவார். மின்சாரத்தின் இழுப்பில் பொடி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்குள் போனால் உருகித் தோல்போலப் படிந்துவிடும். அன்றைக்கு என்ன நிறம் ஓடியது என்பதை அவருடைய காது மடலைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் பைக்கின் சைடு ஸ்டாண்டைப் பூசக் கொடுக்க நான் போன அன்று நீலம்.

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பூச்சின் கனத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறது. அறுபது மைக்ரானிலிருந்து எண்பதுக்குள் நிற்க வேண்டும், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். பைக் பாகத்தோடு விட்டால் பரவாயில்லை. தளி பஸ்ஸின் கம்பி, ரேஷன் கடை கேட், கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலி என்று மனுஷர் எதையும் விடுவதில்லை. என் பைக்கின் டேங்க்கிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சிருக்கான், உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார். தெரியாமல் நன்றாகத்தான் இருந்தேன்.

எனக்கு முன்னால் அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் கிராஷ் கார்டைக் கொடுத்து, இரண்டு கோட் போடச் சொல்லிக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். "பேடா சார், ஒந்தே சாகு," ஒன்றே போதும் என்று ஆஞ்சப்பன் ஒரு விரலைக் காட்டினார். அந்த ஆள் முகம் சுளித்துக்கொண்டு போனார். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கனமாகப் பூசினால் நாள்பட உழைக்காதா என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க. தடியா போட்டா கல்லு பட்டதும் பாளமா பேந்துக்கும். அது போவட்டும். போல்ட்டுக்கு அடியில தடியா இருந்துச்சுன்னு வைங்க, நீங்க எவ்ளோ முடுக்கினாலும் அது இரும்பு மேல நிக்காது, பவுடர் மேலதான் நிக்கும். வண்டி ஓட ஓட பவுடர் நசுங்கும். போல்ட் லூசாயிடும்." என் ஸ்டாண்டைத் திருப்பிப் பார்த்தபடியே, அதே குரலில் சொன்னார்: "எம் பொண்ணு காலு அப்பிடித்தான் போச்சு."

பிரியதர்ஷினி அவருடைய ஒரே மகள். கம்பெனியில் வேலை கிடைத்ததும், ஸ்கூட்டி வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பழைய பைக் ஒன்றை வாங்கினாள். அதை இந்தப் பட்டறையில் பிரித்துப்போட்டு, பாகம் பாகமாகச் சிவப்பு ஏற்றியவர் அப்பாதான். முன் பிரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டில் முதல் பூச்சு ஓர் ஓரத்தில் கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தது. ஊரார் வண்டியாக இருந்தால் அப்படியே அனுப்பியிருப்பார். மகள் வண்டியாயிற்றே, இன்னொரு பூச்சு கொடுத்தார். முதல் பூச்சுக்குப் பின் உரித்த டேப்பைத் திரும்ப ஒட்டவில்லை. அவள் வண்டியில் ஓட்டையைச் சுற்றிக்கூட வெறும் இரும்பு தெரியக் கூடாதென்று நினைத்தாராம். மீட்டர் நூற்றைம்பதைத் தாண்டியது. "சந்தோஷப்பட்டேன் சார்," என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் தளி ரோட்டு வளைவில் அந்த போல்ட் கழன்றது. அவள் பிரேக் பிடித்ததும் பிராக்கெட் திரும்பி முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி அவளுடைய இடது காலின் மேல் விழுந்து, காலையும் இழுத்துக்கொண்டு போனது. வளைவில் மணல் கிடந்ததால் வழுக்கிவிட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள். ஆஞ்சப்பன் மட்டும் பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். போல்ட் தலை அழுத்திய இடத்தில் சிவப்புப் பூச்சு வட்டமாக நசுங்கிப் பிதுங்கியிருந்தது.

"மத்த எடத்துல ஒரு கீறல் இல்ல. வண்டியே நெளிஞ்சு கெடக்குது, பூச்சு மட்டும் புதுசாட்டம் இருக்குது சார்."

வேறு யாருடைய வண்டியிலும் அவர் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அவர் இதை யாரிடமும் மறைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலேயே மகளிடம் சொல்லிவிட்டார். இரண்டு கோட் கேட்டு நச்சரிப்பவர்களிடமும் சொல்கிறார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதில்லை, பஸ்ஸும் நடையும்தான். தன் வீட்டுச் சாமான் எதற்கும் பூச்சு போடுவதில்லை.

என் ஸ்டாண்டை வாங்கப் போன சாயங்காலம், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி பிரியதர்ஷினி பட்டறைக்குள் வந்தாள். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு ஊன்றுகோல். பிடிக்கும் இடத்தில் பெயிண்ட் போய்த் துரு ஏறியிருந்தது. உள்ளங்கையை விரித்து அப்பாவிடம் காட்டினாள். அது செம்மண்ணைப் பிசைந்த கைபோல இருந்தது.

"எத்தன வாட்டி கேக்கறதுப்பா? இத பூசிக் குடு."

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம் கண்ணு."

"புதுசு வேணாம். நீ பூசினதுதான் வேணும்." பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு மணல்தாம்பா. நாந்தான் வேகமா வந்துட்டேன்."

அவள் பொய் சொல்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். மகளை ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்காரவைத்துவிட்டு, துருவைத் தேய்த்துக் கழுவினார், காயவைத்தார். உயரம் கூட்டிக் குறைக்கும் போல்ட்டைச் சுற்றி டேப்பை வெட்டி ஒட்டினார். கொக்கியில் மாட்டித் துப்பாக்கியை நீட்டினார். விரல் விசையின் மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. நாங்கள் காத்திருந்தோம். பொடி வரவே இல்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஊன்றுகோலைக் கழற்றி, டேப்பை உரித்தார். வெறும் இரும்பு, நாளைக்கே மறுபடி துருப்பிடிக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீளமாகக் கிழித்தார். மகள் கை பிடிக்கும் இடத்தில் அதை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவள் எழுந்து கை நீட்டினாள். ஆஞ்சப்பன் கொடுக்கவில்லை. முடிச்சு அவிழ்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.